வார்ம் அப் முடிந்தது, விருந்தினர் வரவில்லை

கடலூர் பக்கத்துப் போட்டிகளில் அநேகமாகத் தவறாமல் நடப்பது இது. 'அணிகள் தயாராகவும்' என்று மைக்கில் அறிவிப்பார்கள். பிள்ளைகள் ஓடி, குதித்து, உடம்பைச் சூடாக்கும் வார்ம் அப்பை முடித்து, வியர்த்து விறுவிறுத்து வந்து நிற்பார்கள். அதன் பிறகுதான் சிறப்பு விருந்தினர் வந்துகொண்டிருக்கிறார் என்ற செய்தி வரும். அவர் வந்ததும் வரவேற்புரை, சால்வை, வீரர்கள் அறிமுகம், குழுப்படம். நடுவர் விசில் ஊதுவதற்குள் அரை மணி, முக்கால் மணி கழிந்துவிடும். ஈர ஜெர்சியோடு காத்திருப்பவர்களுக்குப் போர்த்த மட்டும் யாரும் சால்வை கொண்டுவருவதில்லை.

பிசியோதெரபிஸ்டாகக் கபடி, வாலிபால், கால்பந்து அணிகளோடு பழகுகிறேன். பின்தொடையைப் பிடித்துக்கொண்டு வரும் ஆட்டக்காரர், ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே வலித்தது என்று சொன்னால், 'வார்ம் அப் முடித்து எவ்வளவு நேரம் சும்மா இருந்தீர்கள்?' என்றுதான் கேட்பேன். சூடேறிய உடம்பு காத்திருப்பில் ஆறிப்போவது ஒன்றே காயத்துக்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். பழைய காயம், தூக்கக் குறைவு, அளவுக்கு மீறிய பயிற்சி எல்லாமே சேரும். ஆனால் வேகமும் தாவும் உயரமும் குறைவதில் இதற்கு நேரடிப் பங்கு உண்டு.

'நம் ஊரில் ஏது சார் குளிர்?' என்பார்கள். மார்கழி, தை மாதங்களில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் விடியற்காலை வாலிபால் ஆடிப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். பொங்கலையொட்டி ஊர்தோறும் விடிய விடிய நடக்கும் மின்னொளிக் கபடியிலும் இதே கதைதான். பனி இறங்கும், வாடைக்காற்று வீசும். நனைந்த துணி காயும்போது உடம்பின் சூட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகும்.

தசை சூடாக இருந்தால் அதற்குள் ஆற்றல் விரைவாகக் கிடைக்கிறது. நரம்பின் கட்டளையும் விரைந்து வந்து சேர்கிறது. ஓடத் தொடங்கிய முதல் சில நிமிடங்களிலேயே தசையின் வெப்பம் வேகமாக ஏறும். ஓட்டத்தை நிறுத்தியதும் இறங்கத் தொடங்கும். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் சேர்த்ததில் பெரும்பகுதி போய்விடும். டென்மார்க் ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் கால்பந்து வீரர்களின் தொடைத் தசை வெப்பத்தை அளந்தார்கள். இடைவேளையில் சும்மா இருந்தவர்களுக்கு அது சுமார் 2 டிகிரி செல்சியஸ் இறங்கியது. ஓட்ட வேகமும் 2.4 சதவீதம் குறைந்தது. இடைவேளையின் கடைசியில் மிதமாக ஓடி உடம்பை அசைத்தவர்களுக்கு வேகம் குறையவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் சைக்கிள் வீரர்கள் பேட்டரியால் சூடாகும் கால்சட்டை அணிந்து காத்திருந்ததும் இதற்காகத்தான்.

நமக்குப் பேட்டரி வேண்டாம். வார்ம் அப் முடிந்ததும் நனைந்த பனியனைக் கழற்றித் துடைத்துவிட்டு உலர்ந்ததைப் போடுங்கள். அதன் மேல் டிராக் சூட். பலர் மேல்சட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு காலை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். ஓடப்போவது கால்தானே! காற்று பலமாக இருந்தால், பைக்கில் போகும்போது அணியும் மழைக்கோட்டின் பேண்ட்டை டிராக் பேண்ட்டுக்கு மேல் போட்டுக்கொள்ளலாம். பார்க்க அழகாக இருக்காது; காற்று புகாது. லுங்கியைத் தொடையில் சுற்றிக்கொண்டு உட்காரும் கிராமத்துப் பையன்களைக் கேலி செய்யும் பயிற்சியாளர்கள் உண்டு. அந்தப் பையன்கள் செய்வதே சரி.

துணி, இறங்கும் சூட்டைத் தாமதப்படுத்தும். அசைவுதான் மீட்டுத் தரும். விசிலுக்கு முன் 3 முதல் 5 நிமிடம் போதும்: மெல்லோட்டம், பக்கவாட்டு ஓட்டம், சில தாவல்கள், கடைசியில் இரண்டு மூன்று குறும்பாய்ச்சல்கள். அந்த நேரத்தில் ஒரு தசையை நிமிடக்கணக்கில் இழுத்துப் பிடித்து நீட்டுவது வேண்டாம். அது உந்துவிசையைக் குறைக்கும். தைலத்தை நம்பவும் வேண்டாம். தோல் எரிந்தால் தசை சூடாகிவிட்டது என்று பொருளில்லை.

கபடியில் ஒரு கூடுதல் சிக்கல். அவுட் ஆனவர் அதற்கென ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்தாக வேண்டும். தன் அணி எதிராளியை வெளியேற்றிய மறுகணம் எழுந்து உள்ளே போக வேண்டும். போனதும் ரெய்டுக்கும் அனுப்பப்படலாம். ஆகவே உட்கார்ந்தபடியே குதிகாலை உயர்த்தி இறக்குவது, முழங்காலை நீட்டி மடக்குவது என்று எதையாவது செய்துகொண்டே இருக்கச் சொல்வேன். வாலிபாலில் மாற்று ஆட்டக்காரர்கள் உடம்பை அசைத்துக்கொண்டிருக்க, சுமார் 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடம் விதியிலேயே உண்டு. ஊர்ப் போட்டிகளில் அந்த இடத்தில் பைகளும் தண்ணீர் கேனும் இருக்கும்.

அமைப்பாளர்களுக்கும் பி.டி. மாஸ்டர்களுக்கும்: அறிமுகத்தையும் படத்தையும் வார்ம் அப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள். விருந்தினர் தாமதமானால் பரிசளிப்பில் பேசட்டும். யாருக்கும் மரியாதை குறையாது.

சித்திரை, வைகாசி வெயிலில் மேலே சொன்ன துணிக் கணக்கு செல்லாது. அப்போது மூடிக்கொண்டு காத்திருப்பது ஆபத்து. வார்ம் அப்பைச் சுருக்கி, நிழலில் நின்று, தண்ணீர் குடித்து, காலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தால் போதும். தலைசுற்றல், வாந்தி, பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் ஆட்டத்தை விட்டு வெளியே அழைத்து வந்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே 108ஐ அழையுங்கள்.