அதே ஊசியைக் கேட்காதீர்கள்: பூனைக்குத் திரும்பத் திரும்ப வரும் சொறி

"போன முறை போட்ட அந்த ஊசியையே போட்டு விடுங்கோ டொக்டர். அதுக்குத்தான் இவனுக்குச் சுகம் வந்தது."

உப்புவெளியிலிருந்து ஓர் அம்மா தன் செம்மஞ்சள் நிறக் கடுவனை ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். முதுகின் பின்பாதியில் மயிர் இல்லை. வால் தொடங்கும் இடத்தில் தோல் சிவந்து, கையால் தடவினால் கடுகு சிதறிக் கிடப்பதுபோல் சின்னச் சின்னப் பொருக்கு. எட்டு மாதத்தில் இது நான்காவது தரம். ஒவ்வொரு தரமும் ஓர் ஊசி, ஒரு மாத நிம்மதி, பிறகு பழையபடி.

"திரும்பத் திரும்ப வருது" என்றார். திருகோணமலையில் தோல் வருத்தத்தோடு என்னிடம் வரும் பூனைகளின் சொந்தக்காரர்கள் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். போனால்தானே திரும்பி வரும்? அந்தக் கடுவனின் வருத்தம் எட்டு மாதமாக எங்கேயும் போகவில்லை. அரிப்பு மட்டும்தான் அடங்கி அடங்கி எழுந்தது.

அந்த ஊசி ஸ்டீரொயிட். தோலின் ஒவ்வாமையையும் வீக்கத்தையும் அது அடக்கும். உடலில் மெதுவாகக் கரையும் வகை என்றால் சில கிழமைகளுக்கு வேலை செய்யும். ஆனால் அது தெள்ளைக் கொல்லாது, பங்கசை அழிக்காது, சாப்பாட்டுத் தட்டில் உள்ளதை மாற்றாது. அடிக்கடி போட்டால் பூனைக்கு நீரிழிவு வரலாம். வெளியே தெரியாத இதய வருத்தம் உள்ள பூனைக்கு அது ஆபத்தாகவும் முடியலாம். தன்னைத் தானே கிழித்துக்கொள்ளும் அளவுக்கு அரிக்கும் பூனைக்கு நானும் இந்த மருந்தைக் கொடுக்கிறேன், பெரும்பாலும் சில நாள் மாத்திரையாக. ஆனால் காரணத்தைத் தேடிக்கொண்டே கொடுக்கிறேன். தொழிலின் முதல் வருடங்களில் நானும் கேட்டவர்களுக்கெல்லாம் ஊசியைப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அப்போது வந்த சில பூனைகளை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது.

சரி, காரணம் எங்கே இருக்கிறது? நம் ஊரில் முதலில் தேட வேண்டியது தெள்ளு. இதைச் சொன்னதும் அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "தெள்ளே இல்லை டொக்டர், நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறனான்." அவர் பொய் சொல்லவில்லை. பூனை நாள் முழுக்க உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. தெள்ளு ஒவ்வாமை உள்ள பூனை இன்னும் மும்முரமாக நக்கி, தன் மேலிருக்கும் தெள்ளையெல்லாம் விழுங்கிவிடும். பார்க்கிற கண்ணுக்கு மொட்டை முதுகு தெரியும், தெள்ளு தெரியாது. அந்த ஒவ்வாமைக்குத் தெள்ளுக் கூட்டமும் தேவையில்லை. தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத பூனைக்கு ஒன்றிரண்டு கடி போதும், நாள்கணக்கில் சொறியும்.

ஒரு சின்னச் சோதனை செய்து காட்டினேன். நீங்களும் வீட்டில் செய்யலாம். நெருக்கமான பல்லுள்ள பேன்சீப்பால் பூனையின் இடுப்பையும் வாலடியையும் வாரி, சீப்பில் வரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். மண் என்றால் மண்ணாகவே கிடக்கும். தெள்ளின் கழிவு என்றால் சுற்றிவரச் செங்கபில நிறத்தில் கசியும், ஏனென்றால் அது செரித்த இரத்தம். கடுவனின் காகிதம் இரண்டு நிமிடத்தில் சிவந்தது. இன்னோர் அடையாளமும் உண்டு: பூனையின் குதத்தைச் சுற்றியோ அது படுக்கும் இடத்திலோ காய்ந்த அரிசிமணி போன்று ஏதாவது கிடந்தால், அது நாடாப்புழுவின் துண்டு. அந்தப் புழு பூனைக்குள் போவது பெரும்பாலும் விழுங்கிய தெள்ளு வழியாகத்தான்.

தெள்ளு வாழும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தோற்பது பெரும்பாலும் அங்கேதான். பூனையின் உடம்பில் இருப்பது வளர்ந்த தெள்ளு மட்டும். மொத்தத்தில் அது நூற்றுக்கு ஐந்து அளவில்தான். மிச்சம் தொண்ணூற்றைந்தும் முட்டையாக, குடம்பியாக, கூட்டுப்புழுவாக உங்கள் வீட்டில் இருக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைவரை இடும். முட்டை வழுவழுப்பானது, பூனை நடக்கிற, படுக்கிற இடமெல்லாம் உதிரும். குடம்பி வெளிச்சத்துக்குப் பயந்து அலுமாரிக்கு அடியிலும் பாய்ச் சுருட்டுக்குள்ளும் கதிரை மெத்தையின் இடுக்கிலும், வாசற்படி நிழலில் நாய் படுக்கும் மணலிலும் போய் ஒளியும். கூட்டுப்புழுவோ மாதக்கணக்கில் பேசாமல் கிடந்து, சூடும் அதிர்வும் பட்டதும் வெளியே பாயும். பள்ளி விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்த் திரும்பி வந்தவர்களின் கால்களைத் தெள்ளு மொய்ப்பது இதனால்தான்.

இப்போது நம் காலநிலையை யோசித்துப் பாருங்கள். தெள்ளுக்கு வெப்பமும் ஈரப்பதனும் வேண்டும். இங்கே வெப்பம் வருடம் முழுக்க உண்டு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெளியே மணல் காய்ந்து கொதிக்கும், நேர்வெயில் படுகிற இடத்தில் குடம்பி பிழைக்காது. வாடை தொடங்கி மழை பிடித்ததும் ஈரமும் வரும். பூனையும் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே சுருண்டு படுக்கும். அந்த அம்மாவிடம் முதல் ஊசி எப்போது என்று கேட்டேன். கார்த்திகையில், மழைக்குள் என்றார்.

மருந்து என்று பார்த்தால், பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்தை எடைக்கு ஏற்ற அளவில், நாக்கு எட்டாத பிடரியில், மயிரை விலக்கித் தோலில் விட வேண்டும். விடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாளாவது குளிப்பாட்டக் கூடாது. மாதம் ஒரு தரம், குறைந்தது மூன்று மாதம். வீட்டில் எத்தனை நாய் பூனை இருந்தாலும் எல்லாவற்றுக்கும், அதனதன் மருந்து. குசினி வாசலில் மீன்தலைக்காக வந்து நிற்கும் தெருப்பூனையும் கணக்கில் சேரும். அதை விரட்டச் சொல்லவில்லை, அதற்கும் ஒரு சொட்டு விடுங்கள். பூனை படுக்கும் துணிகளைக் கிழமைக்கு ஒரு முறை சுடுநீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். அலுமாரியை நகர்த்திக் கூட்டுங்கள். முதல் மாதத்தில் தெள்ளு கூடியதுபோலத் தோன்றும். கூட்டுப்புழுக்கள் வெளியே வருகின்றன என்று அர்த்தம், மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

இந்த இடத்தில் கெஞ்சிக் கேட்கிறேன்: நாயின் சொட்டு மருந்தில் மிச்சம் இருக்கிறது என்று பூனைக்கு விடாதீர்கள். நாய் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. அதை முறித்து வெளியேற்றும் வல்லமை பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. சில மணி நேரத்தில் நடுக்கம், பிறகு வலிப்பு, பிறகு சாவு. தெரியாமல் விட்டிருந்தால் இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போட்டு உடனே கழுவி, துவட்டி, மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். மண்ணெண்ணெய், பினாயில், கற்பூரம் கரைத்த எண்ணெய் எதுவும் வேண்டாம். தோலில் பூசுவதெல்லாம் பூனையின் வயிற்றுக்குள் போகும் என்பதை மறக்கக் கூடாது. சொறிந்து காய்ச்சல் வந்துவிட்டது என்று பனடோல் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

தெள்ளு இல்லையென்று உறுதியானால் அடுத்தது படர்தாமரை. வட்டமாக மயிர் கொட்டி, சாம்பல் தட்டியதுபோல் செதில் இருக்கும், குட்டிகளுக்கு முகத்திலும் காதிலும் காலிலும். பல பூனைகளுக்கு அரிப்பே இருக்காது. நான் பூனையைப் பார்க்கும்போதே கூட வந்த பிள்ளையின் கையையும் கழுத்தையும் பார்த்துவிடுவேன், அங்கேயும் ஒரு வட்டம் இருந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். இந்தப் பங்கசு பூனையிலிருந்து மனிதருக்குத் தொற்றும். உதிர்ந்த மயிரில் அதன் வித்திகள் ஒரு வருடத்துக்கும் மேலாக உயிரோடு கிடக்கும். நீளமயிர்ப் பேர்சியன் பூனைகள் சில, தங்கள் உடம்பில் ஓர் அடையாளமும் இல்லாமல் வீடு முழுக்கப் பரப்பும். புற ஊதா விளக்கின் கீழ் மயிரடி பச்சையாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் இதுதான். ஒளிராவிட்டால் இல்லை என்று சொல்லிவிட முடியாது, மயிரைப் பிடுங்கி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பாமசியில் வாங்கும் கலப்புக் கிறீம்களில் பலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கிறது, அது பங்கசுக்குச் சோறு போட்ட மாதிரி. மயிர் முளைத்துவிட்டது என்று பங்கசுக்குக் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்களே இரண்டாம் தரமும் வருகிறார்கள். சோதனை சுத்தம் என்று சொல்லும்வரை கொடுக்க வேண்டும், அதற்கு இரண்டு மாதம் அளவில் போகலாம்.

காது விளிம்பில் தொடங்கி முகம், கழுத்து என்று தோல் தடித்துச் சாம்பல் நிறப் பொருக்குக் கட்டினால் அது சொறி உண்ணி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி, பேயரிப்பு. தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் வைத்தால் பெரும்பாலும் அகப்படும், மருந்துக்கும் நன்றாகக் கேட்கும். தூக்கி வைத்திருப்பவருக்குக் கையில் அரித்தால், பூனைக்குச் சுகமானதும் அதுவும் போய்விடும்.

அப்புறம் சாப்பாடு. இதை இந்த ஊரில் சொல்வது கஷ்டம். சாளையும் சூடையும் கீரியும் காலையில் கரைக்கு வரும் ஊரில், பூனைக்கு மீன் ஒத்துக்கொள்ளாது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் பூனைகளுக்கு ஒவ்வாமை தரும் உணவுகளில் மாட்டிறைச்சி, மீன், கோழி மூன்றும் முன்னால் நிற்கின்றன. வருடக்கணக்கில் ஒத்துக்கொண்ட உணவுக்கே ஒருநாள் ஒவ்வாமை வரும். முகத்தையும் கழுத்தையும் இரத்தம் வரச் சொறிவது, வாடை கச்சான் பேதமில்லாமல் வருடம் முழுக்க இருப்பது, இடையிடையே வாந்தி அல்லது இளகிய மலம் போவது, இவை சேர்ந்திருந்தால் நான் தட்டைச் சந்தேகிப்பேன். இதற்கு நம்பத்தக்க இரத்தச் சோதனை இல்லை. பூனை முன்பு சாப்பிட்டே இராத ஓர் இறைச்சியை மட்டும் எட்டுக் கிழமை கொடுத்துப் பார்ப்பதே வழி. வளர்ந்த பூனைக்கு உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் அவித்த ஆட்டிறைச்சியில் தொடங்கலாம். ஆனால் வைத்தியரின் கண்காணிப்பில், அந்த எட்டுக் கிழமைக்கு மட்டும். வெறும் இறைச்சி நீண்டகாலத்துக்குப் போதாது, குட்டிகளுக்கு அறவே கூடாது. புதுச் சாப்பாட்டைத் தொடாமல் இரண்டு நாள் பட்டினி கிடந்தாலும் ஈரல் கெடும், அப்படி விடாதீர்கள். திருக்கடலூரில் ஒரு வீட்டில் ஆறாம் கிழமைவரை எந்த மாற்றமும் தெரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, பக்கத்து வீட்டு ஆச்சி தினமும் பின்னேரம் ஒரு சூடையை மதிலுக்கு மேலால் போட்டிருக்கிறார். அவருக்கு விசயத்தைச் சொல்லி, முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கினோம். இரண்டாம் முறை கழுத்தில் மயிர் வந்தது.

வெள்ளைப் பூனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காது நுனியும் மூக்கும் வெயிலில் சிவந்து, பொருக்குக் கட்டி, உதிர்ந்து, மறுபடி கட்டினால் அதைச் சண்டைக் காயம் என்று விட்டுவிடாதீர்கள். நம் கடற்கரை வெயிலில் அது புற்றுநோயாக மாறலாம். ஆரம்பத்தில் காது நுனியை வெட்டி எடுத்தே பூனையைக் காப்பாற்றிவிடலாம். காலை பத்திலிருந்து பின்னேரம் நான்குவரை வீட்டுக்குள் வைத்திருங்கள்.

உப்புவெளிக் கடுவனுக்கு அன்று ஊசி போடவில்லை. அரிப்புக்குச் சில நாள் மாத்திரையும் தெள்ளுக்கு மூன்று மாதச் சொட்டு மருந்தும் கொடுத்தேன். அந்த அம்மா சுவர் நாட்காட்டியில் மருந்து விட்ட நாளையும் சொறிந்த நாளையும் குறித்துக்கொண்டே வந்தார். அந்தத் தாள்கள் எனக்கு எந்தச் சோதனையையும் விட உதவின. நீங்களும் அப்படிக் குறித்து வையுங்கள். வரும்போது இதுவரை கொடுத்த மருந்துகளின் உறைகளையும் சாப்பாட்டுப் பைக்கற்றையும் கொண்டு வாருங்கள். அதற்கு முந்தின நாள் குளிப்பாட்டவோ எண்ணெய் பூசவோ வேண்டாம், பார்க்க வேண்டியதெல்லாம் போய்விடும். வீட்டில் மூன்று பூனை இருந்தால் மூன்றையும் கொண்டு வாருங்கள், சொறியாததையும்.