வாசோபிரசின்: நீர்காப்பு இயக்குநீர்

வாசோபிரசின் என்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி வெளியிடும் இயக்குநீர் (ஹார்மோன்). லத்தீனில் 'வாஸ்' என்றால் இரத்த நாளம். 'பிரெஸ்' அழுத்தத்தைக் குறிக்கும் வேர். 1895இல் லண்டனில் ஆலிவர், ஷேஃபர் என்ற ஆய்வாளர்கள் பிட்யூட்டரிச் சாற்றை விலங்குகளுக்குச் செலுத்தியபோது இரத்த அழுத்தம் ஏறியது. முதலில் கண்ணில் பட்ட அந்த வேலையே பெயரில் தங்கிவிட்டது. ஆனால் அன்றாடம் வாசோபிரசின் செய்வது வேறு. சிறுநீரகச் சேகரிப்புக் குழல்களில் வி2 ஏற்பியை, அதாவது இந்த இயக்குநீரை உணரும் புரதத்தை, தூண்டுகிறது. உடனே அக்வாபோரின்-2 என்னும் நீர்வாயில்கள் செல்சவ்வில் வந்து பொருந்த, நீர் இரத்தத்துக்குத் திரும்புகிறது. ஆன்டிடையூரிடிக் ஹார்மோன் (ஏடிஎச்) என்பது இந்த வேலைக்கான பெயர்.

இதைத் தமிழில் 'சிறுநீர்ப்பெருக்கெதிர் இயக்குநீர்' என்று பெயர்ப்பதில் பிழையில்லை. ஆனால் நாக்கில் நிற்காது. 'நீர்காப்பு இயக்குநீர்' என்றால் வேலை உடனே விளங்கும். இலங்கை வழக்கில் 'நீர்காப்பு ஓமோன்' என்னலாம்.

இது சுரக்காவிட்டால் நாளுக்கு 3 லிட்டருக்கு மேல் சிறுநீர் போகும், தாகம் அடங்காது. இந்த நோய்தான் டயாபடீஸ் இன்சிபிடஸ். 'இன்சிபிடஸ்' என்றால் சுவையற்றது, அதாவது சிறுநீரில் இனிப்பில்லை. தமிழில் இழிதல் என்பது கீழிறங்குதல், அருவி இழியும். நீர் இழிந்து போவதால் நீரிழிவு. சொல்லளவில் இந்த நோய்க்குத்தான் அது கச்சிதமான பெயர். ஆனால் இன்று நீரிழிவு என்றதும் சர்க்கரை நோய் என்றே எவரும் கொள்வர். 'டயாபடீஸ்' என்ற சொல்லிலும் உள்ள இதே குழப்பத்தால் மருத்துவமனைகளில் சிலருக்கு இரத்தச் சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டு, இந்நோய்க்கு உயிர்காக்கும் மருந்தான டெஸ்மோபிரசினைக் கொடுக்காமல் விட்டதுண்டு. அதனால்தான் 2022இல் 'வாசோபிரசின் குறைபாடு', இயக்குநீர் சுரந்தும் சிறுநீரகம் அதற்குப் பணியாதபோது 'வாசோபிரசின் எதிர்ப்பு' என்னும் புதுப் பெயர்கள் முன்வைக்கப்பட்டன. இந்த நோய்க்குத் தமிழில் வழங்கும் 'வெல்லமில்லா நீரிழிவு' என்ற பெயரை நாமும் கைவிடுவதே நல்லது.

டெஸ்மோபிரசின் வாசோபிரசினின் செயற்கை வடிவம். வாசோபிரசினின் 9 அமினோ அமிலங்களில் முதலாவதிலிருந்து அமினோ தொகுதியை நீக்கி, 8ஆவதான ஆர்ஜினினை ஆடிப்பிம்ப வடிவாக மாற்றியது. நாளத்தை இறுக்கும் குணம் ஏறத்தாழ போய்விட்டது. நீர்காப்பு நீண்டு நிற்கிறது. பெயரில் மட்டும் 'பிரசின்' ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மூக்குத் தெளிப்பு ஒன்றில் வழக்கமாக 10 மைக்ரோகிராம். மாத்திரையில் 100 அல்லது 200. விழுங்கினால் 1 சதவீதம்கூட உடலில் சேராது என்பதால் ஒன்றின் அளவை மற்றதற்கு அப்படியே மாற்றக் கூடாது. சளியால் மூக்கு அடைத்திருந்தால் தெளிப்பும் சரியாகச் சேராது. படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பிள்ளைக்கு மாத்திரை கொடுத்தால், அதற்கு 1 மணி நேரம் முன்பிருந்து 8 மணி நேரம் பின்புவரை நீரைக் குறைக்க வேண்டும். குடித்த நீர் வெளியேறாமல் தங்கினால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும்: தலைவலி, வாந்தி, குழப்பம், பிறகு வலிப்பு. தலைவலியோ வாந்தியோ தொடங்கினாலே அடுத்த வேளை மருந்தை நிறுத்தி, உடனே மருத்துவரிடம் சோடியம் பார்க்க வேண்டும்.