'ஸ்டைமி'க்கு 'தடை செய்' என்று எழுதாதீர்கள்

வங்கித் தேர்வு, எஸ்எஸ்சி என்று மதுரையில் படிக்கும் பிள்ளைகளின் செல்போன்களில் சுற்றும் ஆங்கிலச் சினானிம் (ஒரே பொருள் தரும் சொற்கள்) பட்டியல்களில் 'ஸ்டைமி – தடை செய்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை நம்பி எழுதிய வாக்கியம் இந்த வாரமும் வந்தது: சித்திரைத் திருவிழாவுக்காக மாசி வீதிகளில் லாரிகளை போலீஸ் 'ஸ்டைமி' செய்ததாம். போதும் சாமி!

அது உத்தரவு. உத்தரவு போட்டு நிறுத்தினால் 'பேன்', 'புரொஹிபிட்'. ஸ்டைமியில் உத்தரவுக்கு வேலையே இல்லை. ஒருவர் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டார், பாதி தூரமும் வந்துவிட்டார். குறுக்கே ஏதோ ஒன்று வந்து கிடக்கிறது. மேற்கொண்டு எப்படிப் போவது என்று முழிக்கிறார். அந்த முழிப்பு இருந்தால்தான் இந்த வினைச்சொல். பட்டா தகராறு சாலை விரிவாக்கத்தை ஸ்டைமி செய்யலாம். 'நோ பார்க்கிங்' பலகை யாரையும் ஸ்டைமி செய்யாது. தடுப்பது எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டையும் பத்து முறை படியுங்கள்.

சொல் கோல்ஃபிலிருந்து வந்தது. இருவர் மோதும் ஆட்டத்தில், என் பந்துக்கும் குழிக்கும் நடுவே உங்கள் பந்து கிடந்தால் அதுதான் ஸ்டைமி. கோலிகுண்டு என்றால் எதிராளியின் குண்டை அடித்துத் தெறிக்கவிடலாம். இங்கே, பழைய விதிப்படி, அந்தப் பந்தை எடுக்கச் சொல்லவும் முடியாது. இரண்டு பந்துக்கும் இடைவெளி 6 அங்குலத்துக்குள் இருந்தால் மட்டும் எடுக்கலாம். இல்லையென்றால் மேலே தூக்கி அடிக்க வேண்டும், அல்லது வளைத்து அடிக்க வேண்டும். 1930-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் அமெரிக்க கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸ் இங்கிலாந்தின் சிரில் டாலியை வென்றதே, கூடுதலாக ஆடிய 19-ஆவது குழியில் இப்படி வழி மறித்துத்தான். 1952-இல் விதியே போய்விட்டது. கொடைக்கானல் மைதானத்தில் இன்று ஆடுகிறவர்கள், மறிக்கும் பந்தை அடையாளம் வைத்து எடுக்கச் சொல்லிவிடுவார்கள். விதி போனாலும் வினைச்சொல் செய்தித்தாள்களில் நன்றாகவே பிழைத்திருக்கிறது.

கோல்ஃபுக்கு முன்னால்? கண் சரியாகத் தெரியாதவரைக் குறிக்கும் ஒரு ஸ்காட்லாந்துச் சொல்லோடு அகராதிகள் முடிச்சுப் போடுகின்றன, அதுவும் 'இருக்கலாம்' என்ற அளவில்தான். யூடியூபில் யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். (தடுப்பதைக் குறிக்கும் பக்கத்து வீட்டுச் சொல் 'பாக்' (பி-ஏ-எல்-கே) இன்னும் சுவாரசியம். அதன் பழைய பொருள் உழாமல் விட்ட வரப்பு.)

தேர்வில் மார்க் போகும் இடத்துக்கு வருவோம். கோடிட்ட இடத்துக்குப் பின்னால் ஆள், அதன் பின் 'ஃப்ரம்', அதன் பின் 'இங்' வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டைமியை விட்டுவிடுங்கள். அது 'பிரிவென்ட்', 'டிட்டர்' உட்காரும் இடம். 'வாஸ்', 'வேர்' முன்னால் நின்று 'பை' பின்னால் வந்தால் ஸ்டைமியை யோசிக்கலாம். செயப்பாட்டு வினையில்தான் இதை அதிகம் பார்ப்பீர்கள். யார் தடுத்தார் என்று தேடுவதற்கு முன், எந்த முயற்சி பாதியில் நின்றது என்று பாருங்கள். பத்தியில் அப்படி ஒரு முயற்சியே இல்லையா? வேறு விடைக்குப் போங்கள்.

'ஸ்டிமி' என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து. எழுத்தில் எஸ்-டி-ஒய்-எம்-ஐ-இ. இதோடு 'இங்' சேர்க்கும்போது கடைசி 'இ'யை வெட்டக் கூடாது.