இரண்டு கோச், ஒரே ஜோடிக் கால்

ஆகஸ்ட் பிறந்தால் நியூ ஜெர்சியில் ஹைஸ்கூல் சாக்கர் (கால்பந்து) பிராக்டிஸ் தொடங்கிவிடும். கூடவே என் கிளினிக்கில் தமிழ்ப் பெற்றோரின் கேள்வியும் தொடங்கும்: "கிளப்புக்கு வருஷம் முழுக்கப் பணம் கட்டியிருக்கோம். இப்போ ஸ்கூல் டீமுக்கும் ஆடணும்னு சொல்றா. ரெண்டையும் ஆடலாமா?" விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில், பெரும்பாலான பிள்ளைகளுக்கு என் பதில் "ஆடலாம்" என்பதுதான். அதைச் சொல்வதற்கு முன் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: இரண்டையும் கூட்டிக் கணக்குப் பார்ப்பது யார்?

நாம் வளர்ந்த ஊரில் பி.டி. சார் ஒருவர்தான் எல்லாம். யார் ஆட வேண்டும், யார் ஓய்வெடுக்க வேண்டும் என்று அவரே முடிவு செய்வார். அமெரிக்காவில் அப்படி இல்லை. ஹைஸ்கூல் அணி மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தின் கீழ் வரும். கிளப் அணி தனி உலகம்; அதற்குத் தனி லீக், தனிக் கட்டணம், தனிக் கோச். இரண்டுக்கும் நடுவில் பாலம் எதுவும் கிடையாது. ஹைஸ்கூல் சாக்கர் ஆடும் பிள்ளைகள் நாடு முழுவதும் 8 லட்சத்துக்கும் மேல். அவர்களில் கிளப்பிலும் ஆடுபவர்கள் ஏராளம்.

எல்லாக் கிளப்பும் பள்ளி ஆட்டத்தை அனுமதிப்பதில்லை. அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான யு.எஸ். சாக்கர் 2007-இல் தொடங்கிய டெவலப்மென்ட் அகாடமி என்ற இளையோர் லீக், 2012-இல் பத்து மாத சீசனுக்கு மாறியபோது, அதில் ஆடும் பையன்கள் ஹைஸ்கூல் அணியில் ஆடக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. அது 2020-இல் மூடப்பட்டது. அந்த இடத்துக்கு வந்த எம்எல்எஸ் நெக்ஸ்ட்டின் உயர்மட்ட அணிகளிலும் பெரும்பாலும் அதே நிலைதான். இசிஎன்எல் போன்ற லீக்குகள் பள்ளி ஆட்டத்துக்கு இடம் விடுகின்றன. மாநில விதிகளும் ஒரே மாதிரி இல்லை. கலிஃபோர்னியாவில் பள்ளி சீசன் நடக்கும்போது அதே விளையாட்டில் வெளி அணிக்குப் போட்டி ஆடினால் பள்ளி அணியில் ஆடும் தகுதிக்கே ஆபத்து. சீசனும் மாறும்: நியூ ஜெர்சியில் இலையுதிர் காலம், டெக்சாஸில் குளிர்காலம், ஜார்ஜியாவில் வசந்தம். ஆகவே வேறு மாநிலத்து அண்ணன் மகன் எப்படி ஆடினான் என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் பள்ளியின் அத்லெடிக் டைரக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

எது சரியான வழி என்பதற்கு அமெரிக்கப் பெண்கள் அணியில் உலகக் கோப்பை வென்றவர்களிடம்கூட ஒரே விடை இல்லை. மேகன் ரப்பினோ தன் ஹைஸ்கூல் அணியில் ஆடாமல், இரண்டரை மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த கிளப்புக்கு ஆடினார். அலெக்ஸ் மார்கன் 14 வயது வரை கிளப் பக்கமே போகவில்லை. டயமண்ட் பார் ஹைஸ்கூல் அணியில் ஆடினார், கிளப்பிலும் சேர்ந்தார், 17 வயதில் முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிந்து அதிலிருந்தும் மீண்டு வந்தார்.

இனி நான் கிளினிக்கில் பார்ப்பதற்கு வருகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பத்தாம் வகுப்புப் பெண், மிட்ஃபீல்டர். அக்டோபர் கடைசியில் அம்மாவோடு வந்தாள். "ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்தான் ஆண்ட்டி, கூகுள்ல பார்த்துட்டேன்" என்றாள். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்ளோரமாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் என்றால் வலி ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக இருக்கும். இவளுக்கு மேலே வலியில்லை, கீழேயும் வலியில்லை. நடுவில் ஒரே ஒரு புள்ளியில் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன். மூன்றாவது குதியில் நின்றுவிட்டாள். ராத்திரி படுத்த பிறகும் வலிக்கிறதா என்று கேட்டதும் அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். செப்டம்பரிலிருந்தே வலி இருந்திருக்கிறது. அம்மாவுக்கு அன்றுதான் தெரியும்.

"ஸ்கூல் கோச்கிட்ட சொல்லிடாதீங்க ஆண்ட்டி, பிளேஆஃப் வருது" என்றாள். சற்று நேரம் கழித்து, "கிளப் கோச்கிட்டயும்" என்றாள்.

எலும்பு மருத்துவரிடம் அனுப்பினோம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆரம்பக் கட்டத்தில் பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐயில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் உண்டாகும் விரிசல், உறுதியானது. பள்ளி சீசனின் மிச்சமும் போயிற்று, நவம்பரில் கல்லூரிக் கோச்சுகள் பார்க்க வரும் கிளப் டோர்னமென்ட்டும் போயிற்று.

அவளுடைய ஒரு வாரத்தை எழுதச் சொல்லி நாங்கள் மூவரும் உட்கார்ந்து கூட்டினோம். திங்கள் பள்ளி பிராக்டிஸ் 2 மணி நேரம். செவ்வாய் மேட்ச், வார்ம்-அப்பையும் சேர்த்து 2 மணி நேரம். புதன் பள்ளி பிராக்டிஸ் 2 மணி நேரம், அதே இரவு கிளப் பிராக்டிஸ் ஒன்றரை மணி நேரம். வியாழன் மேட்ச் 2, வெள்ளி லேசான பிராக்டிஸ் ஒன்றரை, சனி மேட்ச் 2, ஞாயிறு கிளப்பில் நட்புப் போட்டி 2. மொத்தம் 15 மணி நேரம், ஓய்வு நாள் பூஜ்யம். ஜூலையில் ஊருக்குப் போய் ஒரு மாதம் பாட்டி வீட்டில் இருந்துவிட்டு வந்து நேராக இதில் இறங்கியிருக்கிறாள்.

இதில் எந்தக் கோச்சையும் குறை சொல்ல முடியாது. பள்ளிக் கோச் வெள்ளிக்கிழமையை லேசாகத்தான் வைத்திருந்தார். கிளப் கோச்சும் சீசன் முடியும் வரை வாரத்துக்கு ஒரே பிராக்டிஸ்தான் என்று குறைத்திருந்தார். ஒரே நாளில் இரண்டு கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தால் பரிமாறுகிற இருவரும் அளவாகத்தான் பரிமாறுவார்கள். வயிறு ஒன்றுதான் என்பது உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். பதினைந்து வயதில் அதைத் தெரிந்துகொண்டு "போதும்" என்று சொல்வது கடினம். சொன்னால் அடுத்த மேட்சில் பெஞ்சில் உட்கார வேண்டிவருமோ என்ற பயம் உண்மையான பயம். அதனால்தான் அந்தக் கணக்கைப் பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறேன்.

கணக்கு வைக்க மூன்று அளவுகள் போதும். முதலாவது, நீரு ஜெயந்தி என்ற விளையாட்டு மருத்துவரின் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது: வாரத்தில் தன் வயதைவிட அதிக மணி நேரம் கோச்சின் கீழ் விளையாடும் பிள்ளைகளுக்குக் கடுமையான தேய்மானக் காயங்கள் (ஓய்வில்லாமல் திரும்பத் திரும்ப விழும் சுமையால் வருபவை) அதிகம். 14 வயதுப் பிள்ளைக்கு 14 மணி நேரமே எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி சொல்வது: வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு, ஒரே விளையாட்டை ஆடுபவர்கள் ஆண்டில் மொத்தம் மூன்று மாதம், மாதம் மாதமாகப் பிரித்தாவது, அதிலிருந்து விலகியிருக்க வேண்டும். மூன்றாவது, கடினம். பிராக்டிஸ் முடிந்து காரில் ஏறியதும், "இன்னைக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு, பத்துக்கு எத்தனை மார்க்?" என்று கேளுங்கள். அந்த மார்க்கை நிமிடங்களால் பெருக்குங்கள். 90 நிமிடம், 7 மார்க் என்றால் 630. ஃபோனில் குறித்துக்கொண்டே வந்தால், எந்த வாரத்தில் திடீரென்று எகிறியது என்று உங்களுக்கே தெரியும். என் அனுபவத்தில் அந்த எகிறல் இரண்டு இடங்களில் வரும். ஒன்று ஆகஸ்ட் நடுவில், பள்ளி அணியின் முதல் இரண்டு வாரங்களில். இன்னொன்று நவம்பரில், பள்ளி சீசன் முடிந்த மறுநாளே கிளப் முழு வேகத்தில் தொடங்கும்போது.

நவம்பரைப் பற்றி நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். பள்ளியின் கடைசி மேட்சுக்கும் கிளப்பின் முதல் முழு பிராக்டிஸுக்கும் நடுவில் குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், ஷூவையே எடுக்க வேண்டாம். "மற்ற பிள்ளைகள் போறாங்களே" என்பார்கள். போகட்டும். அப்புறம் பள்ளி சீசன் நடக்கும் மாதங்களில் கிளப் பக்கம் வாரத்துக்கு அதிகபட்சம் ஒரு பிராக்டிஸ். மூன்று மேட்ச் உள்ள வாரத்தில் அதுவும் வேண்டாம்.

கிளப்பில் ஒரு வாரம் விட்டால் கல்லூரி வாய்ப்பே போய்விடும் என்ற கவலை பல வீடுகளில் இருக்கிறது. கல்லூரிக் கோச்சுகள் பிள்ளைகளைப் பெரும்பாலும் கிளப் டோர்னமென்ட்டுகளில்தான் பார்க்கிறார்கள், அது உண்மை. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ சங்கத்தின் முதல் டிவிஷன் விதிப்படி அவர்கள் மாணவருடன் நேரடியாகப் பேசத் தொடங்குவது பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-இலிருந்து. ஆனால் அவர்கள் பார்க்க வரும் நாளில் பிள்ளை ஓடும் நிலையில் இருக்க வேண்டுமே! அக்டோபர் புதன்கிழமை பிராக்டிஸை எந்தக் கல்லூரிக் கோச்சும் வந்து பார்ப்பதில்லை. பள்ளி ஆட்டத்துக்கு வேறு மதிப்பு இருக்கிறது. கூடப் படிக்கும் பிள்ளைகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். கிளப்பில் பெஞ்சில் இருக்கும் பிள்ளை இங்கே கேப்டனாக இருப்பாள். அந்த மகிழ்ச்சியைச் சாதாரணமாக எண்ணி வெட்டிவிடாதீர்கள்.

வார்ம்-அப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிஃபா 11 பிளஸ் என்ற 20 நிமிடப் பயிற்சித் தொகுப்பு இருக்கிறது. ஓட்டம், வலிமை, சமநிலை, குதித்து இறங்கும் முறை எல்லாம் அதில் உண்டு. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் அணிகளில் அதைச் செய்து பார்த்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான காயங்களும் தேய்மானக் காயங்களும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. பெண்களுக்கு ஏசிஎல் கிழியும் வாய்ப்பு பையன்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதால், பெண் பிள்ளைகளின் அணியில் இது நடக்கிறதா என்று இரண்டு கோச்சிடமும் கேளுங்கள். ஒரு கோச், "அந்தக் கோச் செய்ய வைப்பார்" என்று நினைத்துவிடுவது நடக்கிறது.

தலையில் அடிபடும்போதுதான் இந்த இடைவெளி மிக ஆபத்தாகிறது. வாஷிங்டன் மாநிலம் 2009-இல் முதல் சட்டம் கொண்டுவந்த பிறகு, எல்லா மாநிலங்களிலும் இளம் ஆட்டக்காரர்களின் தலைக்காயத்துக்குச் சட்டம் வந்துவிட்டது. பல பள்ளிகளில் காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் டிரெய்னர் இருப்பார், சோதிப்பார், ஆட்டத்திலிருந்து நிறுத்துவார். ஆனால் வியாழன் மேட்சில் நடந்தது ஞாயிறு கிளப் மைதானத்துக்குத் தானாகப் போய்ச் சேராது. பிள்ளை "ஐ ஆம் ஃபைன்" என்று ஷூ கட்டிவிடும். அன்று மாலையே கிளப் கோச்சுக்கு நீங்கள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதில் பிள்ளையின் அனுமதி தேவையில்லை.

தூக்கமும் சாப்பாடும் இதே கணக்கில் வரும். இரவில் 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய பள்ளி ஆட்டக்காரர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.7 மடங்கு என்று 2014-இல் ஓர் ஆய்வு சொன்னது. கிளப் பிராக்டிஸ் முடிந்து ஒன்பதரைக்கு வீடு வந்து, சாப்பிட்டு, ஹோம்வொர்க் முடித்துப் படுத்தால் 8 மணி நேரம் எங்கே கிடைக்கும்? சீக்கிரமே லன்ச் முடித்த பிள்ளை நாலு மணி மேட்சுக்கு வெறும் வயிற்றோடு ஓடுகிறது. பையில் வாழைப்பழம், வேர்க்கடலை, தயிர் சாதம் எது முடியுமோ வைத்து அனுப்புங்கள். சைவம் சாப்பிடும் பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்தையும் வைட்டமின் டி-யையும் மருத்துவரிடம் சொல்லிப் பாருங்கள். மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் வராமல் நின்றால், "ஆடுற பொண்ணுக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். உடம்புக்குப் போதிய சாப்பாடு போகவில்லை, எலும்பு பலமிழக்கிறது என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். நம் வீடுகளில் இதைக் கேட்கத் தயங்குகிறோம். நான் கேட்டபோது அந்தப் பெண்ணும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நடைமுறையில் நான் சொல்வது இது: ஜூலையிலேயே இரண்டு கோச்சுக்கும் ஒரே மின்னஞ்சலை, இருவரின் முகவரியையும் போட்டு அனுப்புங்கள். முடிந்தால் பிள்ளையே எழுதட்டும், நீங்கள் கூட இருங்கள். எந்த நாள் எங்கே பிராக்டிஸ், எந்த நாள் முழு ஓய்வு, நவம்பரில் எந்த வாரம் விடுப்பு, காயம் என்றால் இருவருக்கும் ஒரே நேரத்தில் தகவல். இந்த நாலு வரி போதும். ஒரு நாள் வராவிட்டால் மகளைப் பெஞ்சில் போடுவேன் என்று எந்தக் கோச்சாவது பதில் போட்டால், அதை ஆகஸ்டுக்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லதுதான். கிளப்பை மாற்ற அப்போது நேரம் இருக்கும்.