விடுதியில் ‘தூண்டிவிட்டவளை’த் தேடாதீர்கள்

“புது வார்டன் வந்ததிலிருந்து பிள்ளைகள் அடங்குவதே இல்லை, யார் தூண்டிவிடுகிறாள் என்று மட்டும் கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.” பள்ளி விடுதிகளுக்குச் சென்றுவரும் மனநல ஆலோசகரான எனக்கு இந்தக் கல்வியாண்டில் நான்காவது முறையாக இதே வேண்டுகோள் வந்திருக்கிறது. இம்முறை ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவிகள் இரண்டு நாள் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. வருகைப் பதிவின்போது பெயர் சொல்லி அழைத்தால் ஒருத்தியும் பதில் சொல்லவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் நிர்வாகமே ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவியைத் ‘தலைவி’ என்று முடிவுசெய்து, மாற்றுச் சான்றிதழ் தருவதாக அவள் தந்தையிடம் சொல்லிவிட்டது.

இந்த ‘ஒருத்தி கெடுத்துவிட்டாள்’ என்ற நம்பிக்கைதான் என்னை மிகவும் சோர்வடையச் செய்கிறது. ஒரு பிள்ளை சொன்னாள் என்பதற்காக அறுபது பேர் பசியோடு படுக்க மாட்டார்கள். முன்னால் நின்று பேசுபவள் பெரும்பாலும் தூண்டியவள் அல்லள், மற்றவர்கள் சொல்லப் பயந்ததைச் சொல்லத் துணிந்தவள். அவளை வெளியேற்றினால் எஞ்சியவர்கள் திருந்துவதில்லை, வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்த அமைதியை ஒழுங்கு என்று எண்ணி நிம்மதியடையும் நிர்வாகத்தை எண்ணித்தான் நான் அஞ்சுகிறேன், ஏனெனில் நாளை உண்மையான ஆபத்து நேர்ந்தாலும் அந்த விடுதியில் ஒரு பிள்ளையும் வாய் திறக்க மாட்டாள்.

தனித்தனியாகப் பேசியபோது தெரிந்தவை இவை. ஆறு ஆண்டுகள் உடனிருந்த பழைய வார்டன், மாணவிகள் வகுப்பில் இருந்த ஒரு பிற்பகலில் இடமாறுதலாகிப் போய்விட்டார். இரவில் யார் அழுவாள், யாருக்கு வீசிங் வரும், யாருடைய அப்பா குடித்துவிட்டு வாசலில் வந்து நிற்பார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். புதியவர் முதல் வாரத்திலேயே டிரங்குப் பெட்டிகளைத் திறந்து கடிதங்களைப் படித்தார். ஒரே ஊர்ப் பிள்ளைகளைப் பிரித்துப் படுக்க வைத்தார். நாப்கின் வேண்டுமென்றால் கூடத்தில் எல்லோர் முன்னும் நோட்டில் கையெழுத்திட வேண்டும் என்றார். அவர் கொடியவர் அல்லர். பயிற்சியோ மாற்று ஆளோ இன்றி இரவும் பகலும் பொறுப்பில் விடப்பட்டவர். கண்டிப்பைத் தளர்த்தினால் பிள்ளைகள் கையை மீறிவிடுவார்கள் என்று அவரை நம்ப வைத்திருந்தார்கள்.

1992இல் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆம் உறுப்பு, குழந்தையின் கடிதத் தொடர்பில் தன்னிச்சையாகத் தலையிடுவதை மறுக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. விடுதியில் முட்டி போட வைப்பவர்கள் இதை ஒருமுறையாவது படியுங்கள்.

நிர்வாகத்தினரே, பழையவரும் புதியவரும் ஒரு வாரமாவது சேர்ந்திருக்கும்படி பொறுப்பை மாற்றுங்கள். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பாதுகாப்புக்குத் தேவையானவை தவிர மற்ற விதிகளை முதல் மாதம் மாற்றாதீர்கள். எதிர்ப்பு வந்தால் ஒவ்வொருவரிடமும் வார்டன் இல்லாத இடத்தில் பேசுங்கள். குளியலறை, இரவு நேரம், வெளியாள் நடமாட்டம் பற்றிய சொல் ஒன்று வந்தாலும் அதை அடம் என்று ஒதுக்காதீர்கள். பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். உள்ளேயே ‘விசாரித்து’ முடிப்பதற்கு இடமில்லை, மறைத்தால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. பிள்ளைகள் தாமாகவே அழைக்க 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைத் தொலைபேசிக்கு அருகில் எழுதி வையுங்கள்.

பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் மகள் வார்டனைப் பற்றிச் சொன்னால், “அனுசரித்துப் போம்மா” என்று உடனே முடித்துவிடாமல், என்ன நடந்தது என்று முழுவதையும் கேளுங்கள்.

அந்த விடுதியில் கடிதங்கள் திருப்பித் தரப்பட்டன, நாப்கின் பெட்டி குளியலறைப் பக்கம் போனது, பழைய வார்டன் ஒரு மாலை வந்து பிள்ளைகளிடம் விடைபெற்றார். மாற்றுச் சான்றிதழ் பேச்சை நிர்வாகம் இன்னும் கைவிடவில்லை. அதற்காகத்தான் நாளை மறுபடியும் போகிறேன்.