வாணலியும் வானலையும்

ஊட்டியில் நின்று, தென்கிழக்குக்குச் சற்றுக் கிழக்காகத் திரும்பி, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால் பார்வை போகும் வழியில்தான் ஜிசாட்-15 செயற்கைக்கோள் இருக்கிறது. தூரம் 36,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். டிடி ஃப்ரீ டிஷ் சேனல்கள் அங்கிருந்துதான் இறங்குகின்றன. நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் அதன் இடம். ஊட்டியிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் சுமார் 66 பாகை உயரம், கொடைக்கானலிலிருந்து 68. மலையில் குடியிருப்பவர்களுக்கு இது பெரிய கொடுப்பினை. தரையில் நிற்கும் கோபுரத்தின் சிக்னலை எதிரே உள்ள ஒரு முகடு மறித்துவிடும். 66 பாகைக்கு எழும்பி நிற்கும் முகடு வீட்டுக்குப் பின்னாலேயே செங்குத்துப் பாறை இருந்தால்தான் உண்டு. பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கும் எஸ்டேட் லைன் வீட்டுக்கும் செயற்கைக்கோள் தெரியும்.

அதைப் பிடிக்கக் கடையில் விற்கும் டிஷ்தான் வேண்டுமா, அடுப்படியில் இருக்கும் பெரிய வாணலி போதாதா? போதும். ஆனால் எந்த வாணலி என்பதுதான் கேள்வி.

செயற்கைக்கோளின் ஒவ்வொரு அலைபரப்பியும் அனுப்பும் திறன் பொதுவாக நூறு வாட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அது நாடு முழுக்கப் பரவி விழுகிறது. நம் கூரைக்கு வந்து சேரும் துளியை ஒரு பரப்பில் வாங்கி ஒரே புள்ளியில் சேர்ப்பது டிஷ்ஷின் வேலை. வெறுமனே சேர்த்தால் போதாது. பரப்பின் எல்லா இடத்திலிருந்தும் வரும் அலைகள் அந்தப் புள்ளியில் ஒரே நேரத்தில் உயர்ந்து ஒரே நேரத்தில் தாழ வேண்டும். தேர் வடம் பிடிப்பவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது, அதே கதைதான். பரவளைய வடிவத்துக்கு மட்டும் ஒரு குணம் உண்டு. நேர் முன்னாலிருந்து வரும் அலை அதன் எந்த மூலையில் பட்டுத் திரும்பினாலும் குவியப் புள்ளிக்கு நடக்கும் மொத்தத் தூரம் ஒன்றே. அதனால் எல்லாம் ஒன்றாக வந்து சேர்கின்றன. 60 செ.மீ. டிஷ் ஒன்று ஒழுங்கான வடிவத்தில் இருந்தால், எல்லாத் திசையிலிருந்தும் ஒரேபோல வாங்கும் ஆன்டெனாவைவிட 3,000 மடங்குக்கு மேல் வலுவான சிக்னல் தரும்.

வடிவம் கொஞ்சம் பிசகினால்? பரப்பில் 1 மி.மீ. மேடு இருந்தால், அலை போய்த் திரும்புவதில் 2 மி.மீ. வித்தியாசம் வரும். கால் அலைநீளத்துக்கு மேடோ பள்ளமோ இருந்தால் அந்த இடத்து அலை நேர் எதிராக மாறி, மற்றவை சேர்த்ததையும் அழிக்கும். பிசகு அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் பெரிய நஷ்டமில்லை என்பது நடைமுறைக் கணக்கு. டிடிஎச், அதாவது செயற்கைக்கோளிலிருந்து நேரே வீட்டுக்கு இறங்கும் டிவி அலையின் நீளம் சுமார் 2.5 செ.மீ. ஆக, நமக்குக் கிடைக்கும் சலுகை ஒன்றேகால் மில்லிமீட்டர்.

சலுகை எவ்வளவு என்பதை உலோகமோ பளபளப்போ முடிவு செய்வதில்லை, அலைநீளம்தான் முடிவு செய்கிறது. நீலகிரியில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். முத்தோரையில் மலைச்சரிவோடு சரிவாகக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்தால் போதும். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்தது, 1970-இல் வேலை செய்யத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். இத்தனை பெரிய கண்ணாடியில் தகடே கிடையாது. 24 பரவளையச் சட்டங்களின் மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எவர்சில்வர் கம்பிகள், அவ்வளவுதான். கணக்குப் போட்டால் ஒரு கம்பிக்கும் அடுத்ததற்கும் இடையே 3 செ.மீ. அளவுக்கு இடைவெளி. அது வாங்கும் 326.5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 92 செ.மீ. என்பதால் அந்த இடைவெளி அலைக்கு ஒரு பொருட்டே இல்லை, கம்பி வரிசை முழுச் சுவராகவே வேலை செய்கிறது. இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை: ஊட்டியின் அட்சரேகை 11 பாகை, அந்தச் சரிவும் 11 பாகை. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே போனால் ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் தொடரலாம். மலையையே ஒரு பாகமாகச் சேர்த்துக்கொண்ட கருவி அது.

முத்தோரைக் கம்பியிடைவெளியில் டிடிஎச் அலை தாராளமாக நுழைந்து போய்விடும். ஓட்டை அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், அதாவது 2.5 மி.மீ. கோழிக்கூண்டு வலை ஆகாது. ஜன்னலுக்கு அடிக்கும் உலோகக் கொசுவலை ஆகும், நைலான் வலை ஆகாது. அந்தக் காலத்தில் கேபிள்காரர்கள் மொட்டை மாடியில் வைத்திருந்த பெரிய வலை டிஷ்கள் 7.5 செ.மீ. அலைக்கானவை. அதனால்தான் வலை போதுமாக இருந்தது.

இனி வாணலி. அது பரவளையம் இல்லை, கோளத்தின் ஒரு துண்டு. ஆழம் குறைவாக இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சொற்பம், ஆழம் கூடக்கூட விளிம்பில் வித்தியாசம் வேகமாக ஏறும். வாணலியின் வாயில் ஒரு நேரான கட்டையைக் குறுக்கே வைத்து, நடுவில் ஸ்கேலை இறக்கி அளந்து பாருங்கள். வாய் 60 செ.மீ., ஆழம் 8 செ.மீ. என்றால் அந்தக் கோளத்தின் ஆரம் 60 செ.மீ. விளிம்பில் பிசகு கிட்டத்தட்ட 5 மி.மீ., டிடிஎச்சுக்கு ஓரங்கள் வீண். அதே வாய்க்கு ஆழம் நாலரை செ.மீ. என்றால் ஆரம் 1 மீட்டர், பிசகு ஒரே மில்லிமீட்டர். இதுதான் நமக்கு வேண்டிய சட்டி. குவியம் ஆரத்தில் பாதி தூரத்தில் விழும், அதாவது அடியிலிருந்து 50 செ.மீ. உயரத்தில். அடி தட்டையான சட்டியை எடுக்கவே வேண்டாம்.

ஆழமில்லாத சட்டிக்கு மலையில் இன்னொரு லாபம் உண்டு. 66 பாகை உயரத்தைப் பார்க்கும் வாணலி ஏறக்குறைய மல்லாந்து கிடக்கும், சரிவு 24 பாகைதான். 8 செ.மீ. ஆழச் சட்டியின் விளிம்பு 30 பாகை ஏறி நிற்பதால் மழைநீர் உள்ளேயே தேங்கும். ஆழமில்லாததில் விளிம்பு பதினேழரை பாகை மட்டுமே, தண்ணீர் வழிந்துவிடும். கடை டிஷ் ஒரு பெரிய பரவளையத்தின் ஓரத்துத் துண்டு. அதனால் சாய்ந்து நின்றபடியே உச்சியைப் பார்க்கும், அதில் தண்ணீர் தேங்காது.

உலோகம் எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும்? ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. இந்த அலை அலுமினியத்துக்குள் ஒரு மைக்ரான்கூட இறங்குவதில்லை. சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாள் பத்து மைக்ரானுக்கு மேல் இருக்கும், அது தாராளம். ஆகவே குடைக்குள் தாளை ஒட்டி டிஷ் செய்யலாம் என்பது தாளைப் பொறுத்தவரை சரி, குடையைப் பொறுத்தவரை தவறு. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே துணி தட்டையாக இழுபடுகிறது. ஒன்றேகால் மில்லிமீட்டர் சலுகையில் அது தேறாது.

குவியப் புள்ளியில் பொருத்தும் எல்.என்.பி. என்ற சிறு கருவிக்கு மட்டும் வீட்டில் மாற்று கிடையாது. 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலையை வாங்கிப் பெருக்கி, கேபிளில் ஓடக்கூடிய அதிர்வெண்ணுக்கு இறக்குவது அது. செட்டாப் பாக்ஸ் அதே கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் அனுப்பி அதற்கு மின்சாரமும் கொடுக்கிறது, எந்த முனைவாக்கம் (அலை அதிரும் திசை) வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறது. பேசாமல் வாங்கிவிடுங்கள்.

திருப்புவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. 60 செ.மீ. டிஷ் ஒரு நேரத்தில் பார்ப்பது வானத்தில் 3 பாகை அகலம் மட்டுமே. ஆனால் வருடத்தில் இரண்டு முறை சூரியனே வந்து வழி காட்டும். மார்ச் நடுவில் காலை 11 மணி 10 நிமிடத்தை ஒட்டியும், செப்டம்பர் கடைசியில் 11-க்குச் சற்று முன்னும் ஊட்டியிலிருந்து பார்க்க சூரியன் ஜிசாட்-15-க்கு நேர் பின்னால் வரும். அப்போது எல்.என்.பி.யின் நிழல் வாணலியின் நடுமையத்தில் விழுமாறு திருப்பினால் வேலை முடிந்தது. அந்த நாட்களில் சூரியனின் ரேடியோ இரைச்சலில் சேனல்கள் சில நிமிடம் உடைவதும் இதனால்தான். ஒரே ஆபத்து: பளபளக்கும் எவர்சில்வர் வாணலி ஒளியையும் சேர்த்தே குவிக்கும். இருநூறு வாட்டுக்கு மேலான வெயில் எல்.என்.பி.யின் பிளாஸ்டிக் முகத்தில் இறங்கினால் உருகிவிடும். கடை டிஷ்ஷுக்கு மங்கலான பெயின்ட் அடிப்பது சும்மா இல்லை. நீங்களும் ஒரு கோட் அடித்துவிடுங்கள், ரேடியோ அலைக்கு அது தடையே இல்லை.

சிக்னல் போனால் மலையில் முதல் பழி மூடுபனிக்குத்தான். குன்னூரில் டிஷ் மாட்டும் அண்ணன் ஒருவர் இதைக் கேட்டாலே எரிச்சலாவார். "மிஸ்ட்டுக்கெல்லாம் போகாதுங்க, மழைக்குத்தான் போகும்." அவர் சொல்வது சரி. மூடுபனித் துளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு, 25 மி.மீ. அலைக்கு அது இருப்பதே தெரியாது. மழைத்துளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பருமன், அது அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்யும். ஐப்பசி அடைமழையில் படம் கட்டம் கட்டமாக உடைவது அதனால்தான். தலைக்குந்தா பக்கம் டிசம்பர், ஜனவரியில் டிஷ்மேல் படியும் உறைபனி இன்னும் வேடிக்கை. பனிக்கட்டி அலையை அதிகம் உறிஞ்சாது, ஆனால் நீர் உறிஞ்சும். ஆகவே விடியற்காலையில் வெள்ளையாக உறைந்து கிடக்கும்போது நன்றாகத் தெரிந்த படம், வெயில் வந்து பனி உருகி நீர்ப்படலமாகும்போது தடுமாறலாம். துணியால் துடைத்தால் போதும்.

மேலே ஒதுக்கிய 8 செ.மீ. ஆழ வாணலியைத் தூக்கிப் போட வேண்டாம். மொபைல் இணையத்தின் 2,300 மெகாஹெர்ட்ஸ் அலை 13 செ.மீ. நீளம், சலுகை ஆறரை மில்லிமீட்டர். விளிம்பின் 5 மி.மீ. பிசகு அதற்குள் அடங்கிவிடும். அடியிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் ஒரு 4ஜி டாங்கிளைக் கட்டி, யூஎஸ்பி கேபிளில் இணைத்தால் நன்றாகவே வேலை செய்யும். கேபிள் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. கோபுரம் முகட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்திருந்தால், கோபுரம் இருக்கும் திசையிலேயே, ஆனால் முகட்டின் விளிம்பைப் பார்த்துத் திருப்புங்கள். விளிம்பில் வளைந்து இறங்கும் கொஞ்சம் அலைதான் பள்ளத்துக்கு வரும். அதுவும் வராத பள்ளத்தில் எத்தனை பெரிய வாணலி வைத்தும் பயனில்லை.