ஒரே நிரல், மூன்று விதமான தேடல்

ஓர் எண்ணை வாங்கி அதன் வர்க்கமூலத்தைச் சொல்லும் சின்ன நிரலை சி மொழியில் எழுதி, லினக்ஸில் ஜிசிசி என்ற கம்பைலர் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) கொண்டு கம்பைல் செய்து பாருங்கள். 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று பிழை வரும். கட்டளையின் கடைசியில் '-எல்எம்' என்று சேர்த்தால் சரியாகிவிடும். அதே கோப்பை மேக்கிலோ விண்டோஸிலோ கம்பைல் செய்யும்போது இந்தச் சேர்க்கையே தேவைப்படாது. காரணம், லினக்ஸின் சி லைப்ரரியான (நிரல்கள் பயன்படுத்தும் ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பு) ஜிலிப்சி, கணித ஃபங்ஷன்களைத் தனிக் கோப்பில் வைத்திருக்கிறது; அதையும் சேர்க்கச் சொல்வதுதான் '-எல்எம்'. மேக்கில் அவை எல்லா நிரலோடும் தானாகச் சேரும் லிப்சிஸ்டம் வழியே வந்துவிடுகின்றன. மைக்ரோசாஃப்ட் அவற்றை சி ரன்டைம் என்ற தன் அடிப்படை லைப்ரரிக்குள்ளேயே வைத்துவிட்டது.

வர்க்கமூலத்தைக் கணக்கிடும் வேலையைப் பொதுவாகக் கம்பைலர் தானே செய்வதில்லை. அந்த ஃபங்ஷனின் பெயரை மட்டும் குறித்து, முகவரி வரவேண்டிய இடத்தை நிரப்பாமல் விட்டுவிடுகிறது. அதை நிரப்புவது, நிரலையும் லைப்ரரியையும் இணைக்கும் லிங்கரின் வேலை. இதற்கு இரண்டு வழிகள். லைப்ரரியிலிருந்து தேவையான பகுதியை நிரலுக்குள்ளேயே நகலெடுத்துவிடுவது ஸ்டாடிக் லிங்கிங். 'ஓடும்போது இந்த லைப்ரரியைத் தேடிக்கொள்' என்று குறிப்பு மட்டும் எழுதி வைப்பது டைனமிக் லிங்கிங். 2014 ஏப்ரலில் இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. டைனமிக்காக இணைத்திருந்த சர்வர்களில் லைப்ரரியைப் புதுப்பித்து, நிரல்களை மறுபடி தொடங்கினாலே ஓட்டை அடைபட்டது. உள்ளேயே நகல் வைத்திருந்த நிரல்களை ஒவ்வொன்றாக மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

சரி, அந்தக் குறிப்பில் என்ன எழுதியிருக்கும்? மூன்று இயங்குதளங்களும் பிரிவது இங்கேதான்.

லினக்ஸ் நிரலில் பெரும்பாலும் 'லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3' என்பது போல, பாதை இல்லாமல் வெறும் பெயர்தான் இருக்கும். நிரல் தொடங்கும்போது, லைப்ரரிகளை நினைவகத்தில் ஏற்றும் லோடர் அதை எடுத்துக்கொண்டு, எல்டிகான்ஃபிக் என்ற கட்டளை தயாரித்து வைத்த பட்டியலிலும், அப்புறம் சிஸ்டம் ஃபோல்டர்களிலும் தேடும். நிரல் இருக்கும் ஃபோல்டரில் தேடாது. லைப்ரரி கோப்பு பக்கத்திலேயே இருந்தும் 'திறக்க முடியவில்லை' என்று பிழை வந்து புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். பக்கத்தில் தேட வேண்டுமென்றால், கட்டும்போதே, நிரலின் ஃபோல்டரைக் குறிக்கும் 'ஆரிஜின்' என்ற குறியோடு ரன்பாத் (தேட வேண்டிய பாதை) எழுதித் தர வேண்டும்.

விண்டோஸில் நேர்மாறு. கெர்னல்32 போன்ற சில அடிப்படை டிஎல்எல்களை (விண்டோஸின் டைனமிக் லைப்ரரி கோப்புகள்) விட்டுவிட்டால், முதலில் பார்ப்பதே நிரலின் சொந்த ஃபோல்டரைத்தான். எந்த ஃபங்ஷன் எந்த டிஎல்எல்லிலிருந்து வர வேண்டும் என்பதும் நிரலில் தெளிவாக எழுதியிருக்கும். லினக்ஸில் அப்படி இல்லை: பட்டியலில் உள்ள லைப்ரரிகளில் அந்தப் பெயர் முதலில் எதில் கிடைக்கிறதோ அதுவே செல்லும். எனக்கு விண்டோஸ் முறைதான் பத்திரமானதாகப் படுகிறது. ஆனாலும் 90களில் நிறுவல் நிரல்கள் ஒரே சிஸ்டம் ஃபோல்டருக்குள் ஒன்றின் டிஎல்எல்லை இன்னொன்று அழித்து எழுதின. 'டிஎல்எல் நரகம்' என்ற பெயர் அப்போது வந்தது.

மேக்கின் ஏற்பாடு வேறு மாதிரி. தான் எங்கே வசிக்கப்போகிறது என்ற முழுப் பாதையை லைப்ரரியே தனக்குள் எழுதி வைத்திருக்கும். லிங்கர் அந்த வரியை அப்படியே நிரலுக்குள் நகலெடுக்கும். அதனால் லைப்ரரியை வேறு இடத்துக்கு மாற்றினால் நிரல் பழைய இடத்திலேயே தேடும். எந்தப் பாதை பதிந்திருக்கிறது என்பதை ஓடூல் கட்டளை காட்டும். 2020இல் வந்த பிக் சர் என்ற மேக் பதிப்பிலிருந்து இதிலும் ஒரு திருப்பம். ஓடூல் காட்டும் லிப்சிஸ்டம் கோப்பை அந்தப் பாதையில் போய்ப் பார்த்தால் இருக்காது. சிஸ்டம் லைப்ரரிகளையெல்லாம் ஒரே பெரிய கேஷாக (முன்கூட்டியே தயாரித்த தொகுப்பு) சேர்த்துவிட்டார்கள். லோடர் அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

லைப்ரரி கிடைத்துவிட்டாலும் வேலை முடியவில்லை. 2010இல் ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் பதிப்பில், உலாவியில் வீடியோ ஓட்டிய ஃப்ளாஷ் பிளேயரின் ஒலி திடீரென்று கரகரத்தது. ஜிலிப்சியில், நினைவகத்தில் தரவை நகலெடுக்கும் மெம்காப்பி ஃபங்ஷனை வேகப்படுத்தியிருந்தார்கள். எங்கிருந்து நகலெடுக்கிறோமோ அந்த இடமும் எங்கே வைக்கிறோமோ அந்த இடமும் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது என்ற விதியை ஃப்ளாஷ் மீறியிருந்தது. பழைய மெம்காப்பியில் அது வெளியே தெரியவில்லை. 2011இல் வந்த ஜிலிப்சி 2.14 ஒரே பெயருக்கு இரண்டு பதிப்பு வைத்தது: ஏற்கெனவே கட்டிய நிரல்களுக்குப் பாதுகாப்பானது, இனிமேல் கட்டுபவற்றுக்கு வேகமானது. எது வேண்டும் என்ற பதிப்பு எண் கட்டும்போதே நிரலில் பதிந்துவிடுகிறது. அதனால் பழைய லினக்ஸில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியதைப் பழையதில் ஓட்டினால், அந்த எண் இல்லை என்று லோடர் நிறுத்திவிடும். பலருக்கும் கொடுக்கப்போகும் நிரலை, ஆதரிக்க நினைக்கும் லினக்ஸ்களில் மிகப் பழையதில் கட்டுங்கள்.